சபுராளி கட்டிய ஆறு அறைகள்

பன்னிரண்டு வருடம் துபாயில் இருந்தேன் என்று ஊரில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் நான் இருந்த இடத்திலிருந்து துபாய்க்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் துபாயை ஏழெட்டு முறை பார்த்திருப்பேன். அதில் பாதி, விமான நிலையத்துக்குப் போகிற வழியில். ஆனால் காரைக்காலில் வளைகுடா என்றாலே துபாய்தான். நானும் யாரையும் திருத்தவில்லை.

கடல் கடந்து சம்பாதிக்கப் போனவனை எங்கள் ஆட்கள் சபுராளி என்பார்கள். மரியாதையான வார்த்தை. அந்தப் பெயரோடு தெருவில் நடந்தபோது, அங்கே என்ன வேலை பார்த்தாய் என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதும் அந்த மரியாதையில் அடக்கம்.

நான் பார்த்தது கட்டட வேலை. வெயிலில் கம்பி கட்டுவது. தங்கியது கேம்ப்பில், ஓர் அறைக்குப் பத்துப் பேர், இரண்டடுக்குக் கட்டில் ஐந்து. எனக்கு மேல் கட்டில். நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும். அதனால் படுக்கையில் உட்கார்ந்து சாப்பிடுகிற கெட்ட பழக்கம் கடைசிவரை எனக்கு வரவே இல்லை. வீட்டுக்குப் பேசும்போது "கம்பெனி குவார்ட்டர்ஸ், ஏசி இருக்கு" என்பேன். ஏசி இருந்தது பொய்யில்லை. அதன் காற்று எந்தக் கட்டிலுக்குப் போகும் என்பதைத்தான் சொல்லவில்லை.

கேம்ப்பை நிர்வகித்தவர் நம் டெல்டாக்காரர்தான். நான் போய் இறங்கிய நாளிலேயே தமிழில் அன்பாகப் பேசி, என் பாஸ்போர்ட்டை வாங்கி இரும்பு பீரோவில் வைத்தார். "பத்திரமா இருக்கும் தம்பி. இங்க பல ஊரு ஆளுங்க, யாரையும் நம்ப முடியாது" என்றார். அவர் சொன்னதுபோலவே அது மிகப் பத்திரமாக இருந்தது. என் தங்கை நிக்காஹுக்கு ஊருக்கு வரக் கேட்டபோதுகூட அது வெளியே வரவில்லை. அறையில் சத்தமாக இருக்கும் என்று கக்கூஸுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, போனில் அந்த நிக்காஹைக் கேட்டேன். துஆ ஓதி முடிப்பதற்குள் வெளியே கதவைத் தட்டிவிட்டார்கள்.

கொரோனா முடிந்த அடுத்த வருடம், கம்பெனியே ஆளைக் குறைத்தபோது நானும் ஊருக்கு வந்து சேர்ந்தேன். கீழவாஞ்சூர் போகும் சாலையோரம் என் மனைவிக்கு அவள் வாப்பா கொடுத்த மனையில்தான் எங்கள் வீடு; பின்னால் இடம் காலியாகக் கிடந்தது. துறைமுகத்து லாரிகள் இரவும் பகலும் போகிற சாலை. லாரி செட்டுகளில் சுமை இறக்கவும், புது வீடுகளில் சாந்து குழைக்கவும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களுக்குத் தங்க இடம் வேண்டும். எனக்கு வருமானம் வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஷீட் கூரை போட்டு ஆறு அறை கட்டினேன். இன்ஜினியர் வைக்கவில்லை, பிளான் வரையவில்லை. பிளான் என் தலைக்குள் பன்னிரண்டு வருடமாக இருந்தது.

அறைக்கு நான்கு பேர். இருபத்து நான்கு பேருக்கு ஒரு குழாய், ஒரு கக்கூஸ். மோட்டார் சுவிட்ச் என் வீட்டுக்குள். காலையில் அரை மணி நேரம், மாலையில் அரை மணி நேரம் தண்ணீர். வாசலில் ஒரு போர்டு வைத்தேன். சத்தம் போடக்கூடாது, எச்சில் துப்பக்கூடாது, விருந்தாளிகள் வரக்கூடாது என்று பதினோரு விதிகள். எல்லாம் சுத்தமான தமிழில். படிக்க வேண்டிய இருபத்து நான்கு பேரில் ஒருவருக்கும் தமிழ் எழுத்து தெரியாது. அவர்கள் அதை நல்ல உயரத்தில் இருக்கிற பலகை என்று கண்டுகொண்டு துண்டு காயப்போட்டார்கள்.

குடி வந்த அன்றே ஒவ்வொருவரின் ஆதார் அட்டையையும் வாங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். "பத்திரமா இருக்கும்" என்று இந்தியில் சொன்னேன். என் இந்தி கேம்ப்பில் கற்றது. அதில் மரியாதைச் சொற்கள் குறைவு.

என் மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள், "இருபத்துநாலு பேருக்கு ஒரு கக்கூஸு போதுமாங்க?" என்று கேட்டாள்.

"அங்கயெல்லாம் இப்படித்தான்."

"எங்கயெல்லாம்?"

"பெரிய பெரிய கம்பெனியில" என்றேன்.

அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மாலையில் அஸர் தொழுதுவிட்டு மெயின்ரோட்டு டீக்கடையில் நாங்கள் மூன்று பேர் உட்காருவோம். ஒருவர் சவுதிக்காரர், ஒரு சவுதி வீட்டில் இருபது வருடம் டிரைவராக இருந்துவிட்டு வந்தவர். இன்னொருவர் பிரான்ஸ்காரர்; குடும்ப வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை வந்து, பாரிஸ் பக்கம் வேலை பார்த்து, பென்ஷனோடு திரும்பியவர். துபாய்க்காரன் நான். இந்த மூன்று சபுராளிகளுக்கும் அப்போது ஒரே கவலை, வெளியிலிருந்து வந்த ஆட்களால் ஊர் கெட்டுப் போவது.

"ஒரு ரூமுல எட்டுப் பேரு படுக்குறானுங்க. இதெல்லாம் மனுசன் வாழுற வாழ்க்கையா?" என்பார் சவுதிக்காரர்.

"சம்பாதிக்கிறத அப்படியே ஊருக்கு அனுப்பிடுறான். இங்க ஒரு சட்டை கூட எடுக்க மாட்டான். நம்ம ஊருக்கு அவனால என்ன பிரயோஜனம், சொல்லுங்க" என்பார் பிரான்ஸ்காரர்.

"லீவு நாள்ல கூட்டம் கூட்டமா நின்னுகிட்டு அவனுங்க பாஷையிலயே பேசுறானுங்க" என்று நானும் என் பங்குக்குச் சொல்வேன்.

டீ ஆற்றுகிறவர் நாகப்பட்டினத்துக்கு அப்பால் போனதில்லை. எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்ப்பார்.

இப்படி இருக்கையில் சவுதிக்காரரின் சைக்கிள் காணாமல் போனது. யார் எடுத்திருப்பான் என்பதில் எங்களுக்குள் கருத்து வேற்றுமையே இல்லை. மூன்று பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, வீட்டுக்காரர்கள் தங்களிடம் குடியிருக்கிறவர்களின் விவரத்தை எழுதிக் கொடுத்தால் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். படிவங்களை வாங்கிக்கொண்டு வெற்றியோடு வந்தோம். இரண்டு நாள் கழித்து சைக்கிள் ரைஸ்மில் வாசலில் நின்றது. சவுதிக்காரரே அதை அங்கே நிறுத்திவிட்டு, மாவு மூட்டையோடு யாரோ ஒருவரின் பைக்கில் ஏறி வந்திருக்கிறார். ஆனால் படிவங்களை வாங்கிவிட்டோமே. சைக்கிள் கிடைத்துவிட்டது என்பதற்காக ஊரின் பாதுகாப்பை விட்டுவிட முடியுமா என்றார் பிரான்ஸ்காரர். முடியாது என்று நாங்களும் ஒப்புக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அறைகளுக்கு முன்னால் ஒரு மேசை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு நாற்காலிதான் போட்டேன். அவர்கள் வரிசையில் நின்றார்கள். பெயர் என்ன, அப்பா பெயர் என்ன, எந்த ஜில்லா, இதற்கு முன்னால் எங்கே இருந்தாய் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். பன்னிரண்டு வருடம் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவன். இந்தப் பக்கம் நாற்காலி எவ்வளவு சுகமாக இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பேனாவை மூடி மூடித் திறந்தேன். சிலரை வேண்டுமென்றே இரண்டாம் முறை பெயர் கேட்டேன்.

எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ டைல்ஸ் ஒட்டுகிறவர் வந்து நின்றார். பீகார்க்காரர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், காதோரம் முழுக்க நரை. அதிகம் பேசாத ஆள். நான் எல்லோரையும்போல அவரையும் 'நீ' என்றேன். அவர் இந்தியில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்; மாலிக் என்றால் முதலாளி, அதை மட்டும் அப்படியே விடுகிறேன்.

"இதுக்கு முன்னாடி எங்க இருந்தே?"

"சூரத்துல மூணு வருசம் மாலிக். கேரளாவுல ரெண்டு வருசம். அதுக்கு முன்னாடி வெளிநாட்டுல ஆறு வருசம்."

"எந்த வெளிநாடு?"

அவர் சொன்னார். அது துபாய் இல்லை. துபாயிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போக வேண்டிய இடம்.

வரிசையில் நின்றவர்களில் சிலருக்கு, நானும் வளைகுடாவில் இருந்தவன் என்று தெரியும். எல்லோரும் கொஞ்சம் நெருங்கி வந்தார்கள். எனக்கும் ஒரு ஆசை வந்தது. அந்த ஊர் கேம்ப் நரகம், இங்கே வந்துதான் மூச்சு விடுகிறேன் என்று இந்த மனிதர் வாயால் ஒரு வார்த்தை வரட்டும், மற்றவர்களும் கேட்கட்டும் என்று நினைத்தேன்.

"அங்க கேம்ப் எப்படி இருந்துச்சு? இத விட மோசம்தானே?" என்றேன்.

அவர் நிஜமாகவே யோசித்தார். அறைகளைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க மாலிக். அங்க ஒரு மாடிக்கு நாலு கக்கூஸ் இருந்துச்சு. தண்ணி எப்பவும் வரும். வெயில்ல கொதிக்கக் கொதிக்க வரும், ஆனா வரும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் எழுதுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன். எழுத ஒன்றும் இருக்கவில்லை.

"நீங்க எங்க தங்கியிருந்தீங்க மாலிக்?" என்று அவர் கேட்டார். அதில் விஷம் எதுவும் இல்லை. ஒரே ஊரில் இருந்த இரண்டு பேர் கேட்டுக்கொள்கிற கேள்விதான்.

"எனக்குக் குவார்ட்டர்ஸ்" என்றேன், வழக்கம்போல.

"எந்தப் பக்கம்?"

வாய் தவறி உண்மையான இடத்தைச் சொல்லிவிட்டேன். ஒரு பெரிய சிமெண்ட் கிடங்குக்குப் பின்னால், என்று.

"அங்க குவார்ட்டர்ஸ் ஏது, எல்லாம் கேம்ப்..." என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். அதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. அவருக்குப் புரிந்தது எனக்கும் தெரிந்துவிட்டது. அவர் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்து, "ஆமா, இருக்கு, இருக்கு. பெரிய ஆளுங்களுக்குன்னு தனியா கட்டி வச்சிருப்பாங்க. நான் தூரத்துலேருந்து பாத்திருக்கேன்" என்றார்.

மீதிப் பேரை மாலையில் எழுதிக்கொள்ளலாம் என்று படிவங்களை அடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது, அந்த டைல்ஸ்காரனுக்குத் திமிர் அதிகம், மாசம் பிறந்ததும் காலி பண்ணச் சொல்லப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவன் என்ன செய்தான் என்று அவள் கேட்டாள். அவர் எனக்காகப் பொய் சொன்னார் என்பதுதானே குற்றம். அதை எந்த வார்த்தையில் சொல்வது?

அஸருக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டு வந்து படிவத்துக்காகப் பீரோவைத் திறந்தேன். ஆதார் அட்டைகள் இருந்த பிஸ்கட் டப்பா காலியாக இருந்தது.

"அட்டையெல்லாம் எங்க?" என்று கேட்டேன்.

"யாருதோ அவங்கள்ட்ட இருக்கு" என்றாள் மனைவி. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சா? நாளைக்கே எல்லாரும் ஓடிட்டானுங்கன்னா?"

"ஓடுனா ஓடட்டும். தங்கச்சி நிக்காஹுக்கு நீங்க ஓடி வரணும்னு நெனச்சப்ப ஓடி வர முடியலல்ல."

"யாரு சொன்னா ஒனக்கு?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "நீங்க போன ரெண்டாவது வருசம் வீடியோவுல பேசுனீங்க. பின்னாடி பூப்போட்ட துணி ஒண்ணக் கட்டிட்டு, சோபாவுல ஒக்காந்திருக்கேன்னீங்க. காத்துல அந்தத் துணி ஒதுங்குச்சு. பின்னாடி கட்டிலு, ஏணி, எவன் காலோ தொங்கிட்டிருந்துச்சு."

எனக்கு அந்தத் துணி ஞாபகம் இருந்தது. கீழ்க் கட்டில் நேபாளியின் போர்வை. பேசி முடித்ததும் மடித்துக் கொடுத்துவிடுவேன். பத்துப் பேரும் அதையேதான் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டா என்ன செஞ்சிருப்பீங்க? இன்னும் பெரிய துணியா பாத்துக் கட்டியிருப்பீங்க." வெங்காயத்தின் தோலைக் கூட்டி அள்ளினாள். "நான் மட்டும் என்ன. இங்க கறி ஆக்குனேன், மீனு பொரிச்சேன்னு தினம் சொன்னேன். ரசத்தத் தவிர வேற வைக்காத நாளெல்லாம் இருக்கு. நீங்க அங்க நிம்மதியா இருக்கணுமேன்னு."

இரண்டு பேரும் பத்து வருடம் ஒருவருக்கொருவர் நல்ல சாப்பாடு போட்டிருக்கிறோம், வாயால். அதைச் சொல்லி அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

மறுநாள் விடியலில் சுபுஹு தொழுத கையோடு பின்பக்கம் போய்ப் பார்த்தேன். இருபத்து நான்கு பேரில் பாதிப் பேராவது போயிருப்பார்கள் என்று நினைத்தேன். எல்லோரும் இருந்தார்கள். வாளிகளோடு குழாயடியில் உட்கார்ந்திருந்தார்கள், நான் மோட்டார் போட வேண்டும் என்று. ஓடிப்போகிறவனும் பல் துலக்கிவிட்டுத்தான் ஓடுவான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று மோட்டாரைப் போட்டவன், டேங்க் வழிந்து சாலைக்குத் தண்ணீர் ஓடுகிறவரை நிறுத்தவில்லை. லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி, குழாய் உடைந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த மாதமே இன்னும் இரண்டு கக்கூஸும் ஒரு குளியலறையும் கட்டினேன். டைல்ஸ் ஒட்டியது அவரேதான். கூலியில் குறைக்க மாட்டேன் என்று கறாராகச் சொன்னார். சுவரோரம் உட்கார்ந்து அவர் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள்தான் கேட்க வாய் வந்தது.

"அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னே? பெரிய ஆளுங்களுக்குக் குவார்ட்டர்ஸ் இருக்கும்னு?"

அவர் ஒரு டைலை வைத்து ரப்பர் சுத்தியால் நான்கு மூலையும் தட்டினார். மட்டம் பார்த்தார்.

"என் பையனுக்குப் பொண்ணு பாக்குறாங்க மாலிக். பொண்ணு வீட்டுல நான் எங்க தங்கியிருக்கேன்னு கேட்டாங்க. உங்க மாடி வீட்டப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன். மேல் மாடி முழுக்க எனக்குன்னு சொல்லியிருக்கேன்."

கோபப்படலாமா என்று யோசித்தேன். "போட்டோவுல பெயிண்ட் நல்லா தெரியுதா?" என்று மட்டும் கேட்டேன். காட்டினார். என் வீடு நேரில் பார்ப்பதைவிட நன்றாகத்தான் இருந்தது. என் மனைவி மொட்டைமாடியில் காயப்போட்ட துணிகளைக்கூட விட்டுவிட்டு, கோணம் பார்த்து எடுத்திருந்தார்.

டீக்கடையில் என் பெயர் கெட்டது. "நீ ஒருத்தன் இப்படிப் பண்ணிட்டா மத்த வீட்டுக்காரன்லாம் என்ன பண்ணுவான்? இன்னிக்குக் கக்கூஸு கேப்பான், நாளைக்கு ஃபேன் கேப்பான்" என்றார் சவுதிக்காரர். ஃபேன் என்கிற யோசனையே எனக்கு அவர் சொல்லித்தான் வந்தது. ஆனாலும் உடனே மாட்டவில்லை. ஒரேயடியாக நல்லவனாகிவிட்டால் ஆட்கள் தலையில் ஏறிக்கொள்வார்கள் என்று தோன்றியது.

அதற்குள் டைல்ஸ்காரருக்குப் பக்கத்து ஊரான பூவத்தில் பெரிய வேலை கிடைத்தது. அங்கேயே ரூமும் பார்த்துக்கொண்டார். மூட்டையைக் கட்டியபோது எனக்கு மனத்தாங்கல்தான். இவ்வளவு செய்தும் போகிறாரே என்று.

"இங்க என்ன கொறை ஒங்களுக்கு?" என்றேன். அன்றுதான் 'நீங்க' என்று வந்தது.

"ஃபேன்" என்றார்.

அவர் போன மறுநாள் ஆறு அறைக்கும் ஃபேன் மாட்டினேன். அவர் இருக்கும்போது மாட்டினால் அவர் கேட்டு மாட்டியதாக ஆகிவிடும். போன பிறகு மாட்டியதில் என் கௌரவம் தப்பித்தது. அந்தக் கௌரவத்தின் காற்றை வாங்க அவர்தான் இல்லை.

இரண்டு மாதம் கழித்துப் பூவத்திலிருந்து போன் செய்தார். பையன் கல்யாணம் முடிந்துவிட்டது என்றார். தன் ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் வருகிறார்கள், இடம் இருக்குமா என்று கேட்டார். இரண்டு பேருக்கு இடம் இருந்தது. ஏழு பேர் வந்தார்கள். ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடிக்காமல் மூட்டைகளோடு நடந்தே வந்திருந்தார்கள். வாசலில் நின்று சத்தம் போட்டேன். அவர்கள் மூட்டைகளை இறக்கி வைத்தார்கள். ஏழு பேருக்கும் டீ போடவா என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டாள். அதற்குமேல் சத்தம் போட முடியவில்லை.

இரண்டு பேர் இடத்தில் நான்கு பேரை நான் வைத்துக்கொண்டேன். மீதி மூன்று பேருக்கு எங்கே இடம் தேடுவது என்று டீக்கடையில் சொன்னபோது பிரான்ஸ்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவர் வீட்டு மாடி நான்கு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் பிரான்ஸிலேயே தங்கிவிட்டார்கள். "சும்மா பூட்டி வச்சா வீடு பாழாத்தான் போகும். மூணு பேருன்னா சரி. நாலாவதா ஒருத்தன் வரக்கூடாது" என்றார்.

மறுநாளே ஒரு துண்டுத் தாளோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "தண்ணிய வீணாக்காதேங்கறத இந்தியில எப்படிச் சொல்றது? தமிழ் எழுத்துல எழுதிக் குடுங்க" என்றார்.

"இத்தன வருசம் பிரான்ஸ்ல இருந்தீங்க. அவங்க பாஷைய எப்படிப் பழகுனீங்களோ அப்படியே இதையும் பழகிக்கலாங்க" என்றேன்.

"அங்க யாரு எங்கிட்ட பேசுனா? தட்டு வரும், கழுவி அடுக்குவேன். அடுத்த தட்டு வரும்" என்றார்.

அதுவரை எங்களிடம் அவர் ஹோட்டல் நிர்வாகம் என்றுதான் சொல்லியிருந்தார். சொல்லி முடித்த பிறகு அவருக்கே அது கேட்டது போலிருந்தது. டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். சவுதிக்காரர் இருமினார், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. நான் தாளை வாங்கி, தண்ணிக்குப் 'பானி' என்று பெரிய எழுத்தில் எழுதி, வேறு என்னென்ன வேண்டும் என்று கேட்டேன்.